தவக்கால வெள்ளியில் ஒரு கறி வாடை

ஜெரோம், அப்பா எழுதுகிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உனக்கு முப்பத்து நான்கு வயதான பிறகு எழுதுகிறேன், அதைப் பற்றிக் கேலி செய்யாதே. போனில் நாம் பேசுவது எவ்வளவு என்று உனக்கே தெரியும். சாப்பிட்டியா, அங்க மணி என்ன, இந்தா அம்மாகிட்ட பேசு. இந்த மூன்றுக்கு மேல் நான்காவதாக ஒன்றை உன்னிடம் நான் பேசியதாக எனக்கு நினைவில்லை. இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் நானே அனுப்பப்போகிறேன். எப்படி அனுப்புவது என்று உன் பெண்டாட்டி நித்யாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. அவள் பிரசவத்துக்கு நீ அடுத்த மாதம் வந்து இறங்குவதற்கு முன்னால் இதை நீ படித்துவிட வேண்டும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நம் வீட்டில் நடந்ததை உன் பெண்டாட்டி உனக்குச் சொல்லவே இல்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஏம்மா சொல்லல என்று கேட்டால், "ஒண்ணும் நடக்கலியே மாமா" என்கிறாள். ஒன்றும் நடக்காமலா உன் அப்பன் உச்சி வெயிலில், முதுநகர் பஸ் ஸ்டாப்பில், குப்பைக் கூடையிலிருந்து எடுத்த ஈரக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றான்? அவள் மறைத்தது என் மானத்தைக் காப்பாற்ற. அப்படி அடுத்தவர் காப்பாற்றிக் கொடுக்கும் மானம் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. அதனால் நானே சொல்கிறேன். இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பழைய பாக்கி ஒன்றும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மூக்கைப் பற்றி உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிப்காட் ரசாயன ஆலையில் முப்பத்தோரு வருஷம் ஷிப்ட் பார்த்தவன். எந்தத் தொட்டியில் எதைக் கலக்கிறார்கள் என்று மீட்டரைப் பார்க்காமல், கேட்டுக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவேன். புதிதாக வந்த இன்ஜினியர் பையன்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "அண்ணே, இது என்னா வாடைன்னு பாருங்க" என்பார்கள். நான் சொன்னது தப்பியதில்லை. அந்தப் பெருமையை வேலையோடு கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். பால் பொங்கியதா, மீன் நேற்றையதா, யார் சட்டையில் என்ன வாடை என்று வீட்டிலும் ஷிப்ட் பார்த்தேன். உன் அம்மாவும் நீயும் அதில் பட்ட பாடு உங்களுக்குத்தான் தெரியும்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் ஆட்டுக்கறியை நிறுத்திவிட்டார். அதிலிருந்து நான் வீட்டில் எப்படி இருந்தேன் என்று உன் அம்மா உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனைக்கு ஜன்னலைச் சாத்துவேன், சாத்திவிட்டு மறுபடி நானே திறப்பேன். இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் நித்யா பொங்கல் கழித்து வந்தாள். ஐந்தாம் மாதம், நீ வேலையை முடித்துக்கொண்டு வரும்வரை இங்கே இருக்கட்டும் என்று அனுப்பி வைத்தாய். சிதம்பரத்தில் அவள் வீட்டில் அம்மா இல்லை, அப்பா ஒருத்தர்தான். அவரோ உங்கள் கல்யாணம் ஆகி நான்கு வருஷமாக நம் வாசற்படி மிதிக்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டதும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனாரே, அதை நான் மறக்கவும் இல்லை, மற்றவர்களை மறக்க விடவும் இல்லை. "நம்ம வீட்டுத் தண்ணி கூட அவருக்கு கவுச்சி அடிக்குதா" என்று நித்யா காதில் விழும்படியே இரண்டொரு தரம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் எப்போதும் கேட்காத மாதிரியே நகர்ந்துவிடுவாள்.

வந்த பத்தாம் நாள் வெற்றிலைக் கடைக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வரச் சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சி வெற்றிலைக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். "வெத்தலைக்கு இல்ல மாமா, மக்காச்சோளம் வேக வைக்க" என்றாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் உன் அம்மாவைப் பார்த்தேன். கோழிக்குப் போடும் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்து, இரவெல்லாம் ஊற வைத்து, காலையில் என் கையில் ஒரு பிடியைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாள். மேல் தோல் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. ஜெரோம், நான் வாழ்நாள் முழுக்க, சுண்ணாம்பு மாதிரி தோலை அரிக்கும் காரத்தோடு வேலை செய்தவன். கையுறை, கண்ணாடி, பூட்ஸ் போட்டுக்கொண்டு அதைத் தொட்டவன். அதே வேலையை, இப்போது நீங்கள் இருக்கும் தேசத்துப் பெண்கள், எந்தப் பள்ளிக்கூடமும் போகாத காலத்தில், ஒரு மண்சட்டியில் செய்து சோறாக்கியிருக்கிறார்கள். அந்தச் சோளத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் பின்கட்டில் நின்றேன். நம் கிரைண்டரில் அரைத்து, பால் கவரை வெட்டி நடுவில் வைத்து, பூரி அழுத்தும் பலகையில் வட்டமாக அழுத்தி, தோசைக்கல்லில் போட்டாள். உப்பியது. வறுத்த சோளமும் புதிதாக வெள்ளையடித்த சுவரும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. அந்த மாதிரி வாசனை என் கணக்கிலேயே இல்லை.

ரொட்டி வந்துவிட்டது, உள்ளே வைக்கக் கறி வேண்டுமே. அங்கே நீங்கள் இருக்கும் ஊரில் கீழ்வீட்டு அம்மாள் சொல்லிக் கொடுத்தார்களாம், சோயாவிலேயே கறி மாதிரி செய்யலாம் என்று. முதல் தடவை தட்டில் வைத்ததும் முகர்ந்தேன். "மீல்மேக்கர்" என்று சொல்லித் தட்டைத் தள்ளினேன். அடுத்த வாரம் பண்ருட்டிப் பலாக்காயை நாராகக் கிழித்துச் செய்தாள். "பலாக்காய். மசாலா நல்லாருக்கு" என்றேன். பிறகு காளான், அதையும் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு தடவையும் என் மூக்கு ஜெயித்தது, நான் ஒரு பாட்டம் சிரித்தேன். "கறின்னா என்னான்னே தெரியாதவ கறி செய்யறா" என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அதையும் அடுப்படிக்குக் கேட்கும்படிதான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்து, "எது இல்ல மாமா? கடிக்கும்போது இல்லையா, முழுங்கின பிறகு இல்லையா?" என்று கேட்டாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்து நிக்கணும்மா, அப்புறம்தான் விட்டுக் குடுக்கணும். நாக்குல கொழுப்பு லேசா ஒட்டணும். அடிப்பிடிக்கப் போற நேரத்துல ஒரு வாசனை வரும் பாரு, அது வரணும்" என்றெல்லாம் அளந்துவிட்டேன். அவள் போனில் தட்டிக்கொண்டே இருந்தாள். உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள், என்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அவள் எழுதிக்கொண்டிருந்தது நான் சொன்னதைத்தான் என்பது பிறகு தெரிந்தது.

தவக்காலம் வந்தது. ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, பிரசவத்துக்கு எங்கே இருப்பது என்று அவள் அப்பாவோடு பேசி முடிவெடுக்க வேண்டும். போனில் அவர் "பாக்கலாம்மா" என்பதற்கு மேல் பேசமாட்டார். அப்போதுதான் உன் அம்மா ஒன்று சொன்னாள். தவக்கால வெள்ளியில் நம் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பு ஏறாது. முதல் நாளே பாத்திரமெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவோம். "வருஷத்துல அந்த வெள்ளிக்கிழமைங்கதான் நம்ம அடுப்பும் அவரு அடுப்பும் ஒண்ணு. அன்னிக்குக் கூப்புடுங்க, வருவாரு" என்றாள். முப்பத்தாறு வருஷம் இந்தப் பொம்பளையோடு குடித்தனம் செய்கிறேன், இப்படி ஒரு யோசனை அவளுக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. நான் போன் செய்தேன். "வர்றேன் சார்" என்றார் அவர்.

நித்யாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அவள் கணக்கு வேறு. நீங்கள் இருக்கும் ஊரிலும் தவக்கால வெள்ளியில் கறி தொடமாட்டார்களாம், அந்தக் கீழ்வீட்டு அம்மாள் அன்றைக்கென்று சோயாக் கறி வைத்த சோள ரொட்டிதான் செய்வார்களாம். கிறிஸ்தவர் வீட்டு விரதத்துக்கும் ஆகும், சைவக்காரரான அப்பாவுக்கும் ஆகும், கறி கறி என்று ஏங்கும் மாமனாருக்கும் ஆகும். மூன்று பேருக்கும் ஒரே தட்டு. அதற்காகப் பாண்டிச்சேரியிலிருந்து ஐஸ் பெட்டியில் ஏதோ ஒரு பாக்கெட் வரவழைத்திருந்தாள். என்ன சமையல் என்று கேட்டதற்கு, "சாப்ட்டுட்டு நீங்களே சொல்லுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்பாவிடம் "சைவம்தாம்பா" என்று போனிலேயே சொல்லியிருந்தாள்.

சம்பந்தி பன்னிரண்டு மணிக்கு வந்தார். பூவும் பழமும் வாங்கி வந்திருந்தார். சிதம்பரத்தில் நாற்பது வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கும் மனுஷர், யாரைப் பார்த்தாலும் முதலில் நகத்தையும் கண்ணையும் பார்ப்பார். என்னையும் அப்படித்தான் பார்த்தார். உன் அம்மா தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கினார். குடித்தார். முழுத் தம்ளரையும் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். உன் அம்மா சட்டென்று அடுப்படிக்குள் திரும்பிப் போய்விட்டாள், அவள் ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். நான்கு வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்த மனுஷர் இவர்தானா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

தட்டு வந்தது. உள்ளங்கை அளவு சோள ரொட்டி, அதன் மேல் கருஞ்சிவப்பாக வறுத்த கொத்து, பொடிசாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, ஓரத்தில் பட்டர் ஃப்ரூட், பிழிந்துகொள்ள எலுமிச்சை. வாசனை எனக்கு முன்னால் வந்து நின்றது. நித்யா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாள். நான் ஒரு வாய் கடித்தேன். பல்லுக்கு எதிர்த்து நின்றது, பிறகு விட்டுக் கொடுத்தது. நாக்கில் கொழுப்பு ஒட்டியது. பதினொரு மாதம் தொடாத ருசி. கொத்துக்கறி, சந்தேகமே இல்லை. மீல்மேக்கர், பலாக்காய், காளான் எல்லாவற்றையும் நான்தான் கண்டுபிடித்திருக்கிறேன், அவை இப்படி இருக்காதே. வாயில் இருந்ததை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, எழுந்து கத்தினேன். "இன்னா நித்யா இது? வெள்ளிக்கெழமையும் அதுவுமா கறிய வச்சிருக்க? உங்கப்பாருக்கும் இதையேவா வச்ச? தெரிஞ்சி செஞ்சியா, தெரியாம செஞ்சியா?"

சம்பந்தியின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. அவள், "அப்பா, இல்லப்பா, சைவம்தாம்பா" என்றாள். அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். கோபமே இல்லாமல், "கறி சாப்ட்டவருக்குத்தானம்மா தெரியும்" என்றார். குழாயில் கை கழுவினார், செருப்பை மாட்டினார், கேட்டைத் திறந்து சாத்திவிட்டுப் போய்விட்டார். நான்கு வருஷம் கழித்து வந்த மனுஷரை வீட்டைவிட்டு அனுப்ப எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உன் அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தாள். "அது சோயாவும் பட்டாணியுந்தான். காலையிலேர்ந்து நானும் கூடவே நிக்கிறேன். அந்த மூக்க எடுத்து கடல்ல போடுங்க" என்றாள். நான் அப்போதும் நம்பவில்லை. வாய்க்குள் இருப்பது எனக்குத் தெரியாதா என்ற திமிர் இன்னும் இறங்கவில்லை.

அப்போதுதான் நித்யாவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது உண்மை, ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"நெஜமாவே கறி மாதிரி இருக்கா மாமா?"

"எனக்குத் தெரியாதே மாமா. நான் சாப்ட்டதே இல்லையே. நீங்க சொன்னதையும் உங்க மொகத்தையும் வச்சித்தான் செஞ்சேன்" என்றாள். ஜெரோம், என்னால் அதை இன்றுவரை முழுசாக யோசித்து முடிக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து கறியை நாக்கில் வைக்காத ஒரு பெண். அதன் வாசனை வந்தாலே குமட்டும் வீட்டில் வளர்ந்தவள். நான் வாய்க்கு வந்தபடி அளந்த வார்த்தைகளைச் சேர்த்து வைத்து, பாக்கெட்டில் வந்த சோயாப் பட்டாணி மாவையும் தேங்காய் எண்ணெயையும் காய்ந்த மிளகாயையும் நம் தொட்டியில் இருக்கும் கற்பூரவள்ளியையும் கொண்டு, தான் வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சுவைக்காத ஒரு ருசியை வெறும் அடுப்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். சரியாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே வழி என் முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் அவளைத் திட்டினேன். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பெரிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன், வெள்ளைக்கார நிபுணர்கள் வந்து எங்கள் பிளாண்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் முன்னாலும் நான் இப்படி வியந்து நின்றதில்லை.

குப்பைக் கூடையில் கையை விட்டு, பாண்டிச்சேரியிலிருந்து வந்த அந்தப் பாக்கெட்டின் கவரை எடுத்தேன். ஓடினேன் என்று சொன்னால் உன் அம்மா சண்டைக்கு வருவாள், வேகமாக நடந்தேன் என்று வைத்துக்கொள். சம்பந்தி பஸ் ஸ்டாப்பில் சிதம்பரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பயந்துபோய், "ஏன் சார் ஓடியார்றீங்க, நெஞ்சு சரியில்லன்னு கொழந்த சொன்னாளே" என்று சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நான் கவரை நீட்டினேன். அவர் முதலில் சைவத்துக்கான பச்சைப் புள்ளியைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். மருந்துக் கடைக்காரர் அல்லவா, ஒரு வரி விடவில்லை. சோயா புரதம், பட்டாணிப் புரதம், தேங்காய் எண்ணெய், பீட்ரூட் சாறு, ஈஸ்ட் சாறு. கடைசியில் ஒரு பெயரில் நின்றார். "மெத்தில் செல்லுலோஸ்" என்றார். "அத மூட்ட மூட்டையா எறக்கியிருக்கேன் சார் நானு" என்றேன். "மாத்திரை உதிராம இருக்க இதத்தான் போடுவான்" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், நானும் போட்டுப் பார்த்தேன். ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு கிழவர்கள் ஒரு குப்பைக் கவரைப் படிப்பதைப் பஸ்ஸுக்கு நின்ற ஜனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. சிதம்பரம் பஸ் வந்தது, நின்றது, போனது. அவர் ஏறவில்லை.

"எம் பொண்ணு சைவம்னு சொன்னா. நான் அவள நம்பல, உங்க மூக்க நம்பிட்டேன்" என்றார். அவர் குரல் உடைந்தது. பிறகு தானாகவே சிரித்தார். "நாப்பது வருஷமா நான் வித்த கேப்சூல் தோலெல்லாம் மாட்டு எலும்புல செஞ்சது சார். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வித்தேன். அது கவுச்சின்னு ஒரு நாளும் தோணல. பட்டாணிக்குப் பயந்து எந்திரிச்சி வந்துட்டேன்."

திரும்பி நடந்தோம். வெயிலுக்கு அவர் குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டில் தட்டுகள் அப்படியே இருந்தன. நித்யா மறுபடி கல்லில் சூடு காட்டி வைத்தாள். அவர் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி வெகுநேரம் மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "கறி இப்பிடித்தான் இருக்குமா சார்?" என்று கேட்டார். "இப்பிடித்தான் சார்" என்றேன். இன்னும் கொஞ்சம் மென்றார். "இதுக்கா நீங்கள்லாம் இந்தப் பாடு படறீங்க?" என்றார். உன் அம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் அவர் இரண்டாவது ரொட்டியும் சாப்பிட்டார், மூன்றாவதும் கேட்டு வாங்கினார். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக அவரும், டாக்டர் தடுத்த பிறகு முதல் தடவையாக நானும், தவக்கால வெள்ளியில், எந்த விரதமும் முறியாமல், ஒரே ருசியைத் தின்றுகொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது கோயிலில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. பிரசவம் கடலூரிலேயே நடக்கட்டும், நான் வாராவாரம் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார். தவக்காலம் முடிந்து எத்தனையோ வாரம் ஆகிவிட்டது, வெள்ளியில் நம் வீட்டு அடுப்பில் இன்னும் கவுச்சி ஏறவில்லை.

அவர் கை கழுவப் போனபோது நான் அடுப்படி வாசலில் போய் நின்றேன். "மன்னிச்சிக்கம்மா. கேக்காம கத்திட்டேன்" என்றேன். அவள், "அத வுடுங்க மாமா, உப்பு சரியா இருந்துச்சா?" என்றாள். நான் அவளிடம் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். இவ்வளவு சுலபமா இது என்று இருந்தது. இத்தனை வருஷமாக இதை ஏன் ஒருத்தரிடமும் சொல்லாமல் இருந்தேன் என்று யோசித்தேன். உடனே உன் முகம்தான் வந்தது.

நீ பதினோராம் வகுப்பு படித்தபோது உன் அம்மா ஒரு வாரம் மேல்பட்டாம்பாக்கத்தில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் எனக்குப் பிறகு நீ வீட்டுக்கு வந்தாய். நிலைப்படியிலேயே உன் சட்டையில் சிகரெட் வாடை அடித்தது. நான் எதுவும் கேட்கவில்லை. பெல்ட்டை எடுத்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். உன் சைக்கிள் ஹேண்டிலில் ஒரு பை தொங்கியது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. அதில் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு மாதம் கழித்து எங்கள் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "அன்னிக்கு உங்க பையன் தூக்குவாளிய மடியில வச்சிக்கினு ரெண்டு மணி நேரம் இங்கியே உக்காந்திருந்தான் சார். அம்மா ஊர்ல இல்ல, அப்பாவுக்கு நானே சமைச்சி எடுத்தாந்தேன்னான். நீங்க ஓ.டி. பாத்துட்டு அந்தப் பக்கத்து கேட்டு வழியா போயிட்டீங்க போல." லாரிக்காரர்கள் நாள் முழுக்கப் புகை விடும் கடை அது. அந்தப் புகைக்கு நடுவில் நீ இரண்டு மணி நேரம் எனக்காக உட்கார்ந்திருந்தாய்.

அன்று வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ படித்துக்கொண்டிருந்தாய். படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு சட்டையைக் கழற்றி மாட்டினேன். அப்புறம் நாளைக்கு, அப்புறம் பரீட்சை முடியட்டும், அப்புறம் நீ காலேஜ், வேலை, வெளிநாடு என்று போய்விட்டாய். போனில் மூன்று வார்த்தைக்கு மேல் உன்னோடு எனக்குப் பேச வராததற்குக் காரணம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நான்காவதாகச் சொல்ல வேண்டியது இதுதான். நீ அப்பனாகப் போகிறாய் ஜெரோம். அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்குக் கம்மி, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் பிள்ளையின் மேல் எந்த வாடை அடித்தாலும் முதலில் கேள். நீ கண்ணால் பார்த்ததாக இருந்தாலும், உன் மூக்கும் நாக்கும் கோயிலில் சத்தியம் செய்தாலும், வாயைத் திறந்து ஒரு தடவை கேள். பிள்ளை சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, அப்புறமும் கோபம் மிச்சமிருந்தால் கோபப்படு.

என்னை மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ வரும் வாரம் வெள்ளிக்கிழமை சம்பந்தியும் வருகிறார், நித்யா சோளம் ஊறப்போடுவாள், சுண்ணாம்பு நான்தான் வாங்கி வர வேண்டும். எல்லோரும் சாப்பிட உட்காரும்போது நான் உன்னிடம் ஒன்று கேட்பேன், சங்கடப்படாமல் பதில் சொல். அந்தத் தூக்குவாளியை நீ அப்புறம் என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியவில்லை. பதினாறு வயதில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், எனக்கென்று அன்றைக்கு என்னடா சமைத்துக்கொண்டு வந்தாய்?

அப்பா